பொறி காட்டும் குறி

பாலாற்றின் தென்கரையில் அமைந்த பழம்பெரு நகரம் வேலூர். அகழி சூழ்ந்த கற்கோட்டை அதற்கு வரலாற்றுப் புகழை அளித்தது. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் நாடிவரும் இடமாக வளர்ந்து, அந்நகருக்குப் புதுப்புகழ் சேர்த்துள்ளது. இந்நகரின் வாணிகத்திற்கு உயிர்நரம்பாக விளங்குவது லாங் பஜார். பெயருக்கேற்ப நீண்டு கிடக்கும் அக்கடைத்தெருவில் மூட்டைகள் ஏறுவதும் இறங்குவதும் ஓயாத காட்சி. கைவண்டியும் ஆட்டோவும் சிறு சரக்கு வண்டியும் ஒன்றையொன்று உரசாத குறையாக அங்கே ஊர்ந்து செல்லும். நகரை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் தென்மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ஆம்பூரை அடையலாம். அதற்கும் அப்பால் வாணியம்பாடி உளது. கிழக்கே இராணிப்பேட்டை உளது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் இவை.

இவ்வூர்களுக்கிடையே தோலும் தானியமும் மக்களும் இடையறாது இயங்குவது மோட்டார் வண்டிகளால்தான். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு வண்டியே வயல். அது ஒருநாள் நின்றால் அன்றைய விளைச்சல் இல்லை. அத்தகையோர் நெஞ்சைத் திடுக்கிடச் செய்வன இரண்டு. ஒன்று, ஓட்டுநரின் கண்ணெதிரே உள்ள பலகையில் மஞ்சள் நிறச் சிறு விளக்கொன்று திடீரென ஒளிர்தல். மற்றொன்று, வண்டி 'இழுக்காமல்' போதல். அஃதாவது, மிதியை எவ்வளவு அழுத்தினும் வேகம் கூடாமை. இரண்டும் ஒருங்கே நிகழ்வதும் உண்டு. அப்போது செய்யத்தக்கது யாது? செய்யத்தகாதது யாது? அவ்விளக்கு உண்மையில் எதனைக் கூறுகின்றது? இவற்றை அறிதல் வண்டி வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, ஒரு பழுதின் காரணத்தைத் தேடிக் காணும் முறையைக் கற்க விரும்பும் அனைவர்க்கும் பயன்தரும்.

அவ்விளக்கை ஓட்டுநர்கள் 'செக் எஞ்சின் லைட்' என்பர். எஞ்சினின் புறவடிவம் அதில் வரையப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் இயங்குமுன், அது ஒருமுறை ஒளிரும். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அணைந்துவிடும். 'விழித்திருக்கிறேன்' என்று இரவில் காவற்காரன் குரல் கொடுப்பது போன்றது அது. சாவியைத் திருப்பியபோதும் ஒளிராவிடின், விளக்கே பழுதுற்றிருக்கலாம்; அல்லது யாரேனும் அதன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் முதலில் நோக்கவேண்டிய குறிப்பு இது.

பலகையில் ஒளிரும் விளக்குகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. எண்ணெய்க் குவளை வடிவிலோ வெப்பமானி வடிவிலோ சிவப்பு விளக்கு ஒளிர்ந்தால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். எண்ணெயின் அழுத்தம் குறைந்தோ வெப்பம் மிகுந்தோ ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் அழிந்துபடக்கூடும். செக் எஞ்சின் விளக்கோ மஞ்சள் நிறமுடையது. அது நிலையாக எரிந்தால், 'விரைவில் சோதித்துப் பார்' என்பது பொருள். வண்டி இயல்பாக ஓடுமாயின் மெல்ல ஓட்டிப் பட்டறையை அடையலாம். அதுவே கண்சிமிட்டுவதுபோல் விட்டு விட்டு எரிந்தால், 'இப்பொழுதே வேகத்தைக் குறை. நிறுத்து' என்பது பொருள். இவ்வேறுபாட்டின் காரணம் பின்னர் விளங்கும்.

விளக்கின் மொழியை உணர்வதற்கு, எஞ்சினுக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். விறகடுப்பை எண்ணிப் பாருங்கள். காற்றுப் புகாவிடின் அடுப்புப் புகையும். விறகு ஈரமாயின் தீப் பற்றாது. புகைபோக்கி அடைபட்டால் புகை திரும்பி வந்து அறையை நிரப்பும். எஞ்சினும் ஒருவகை அடுப்பே. ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அக்கலவை சிலிண்டருள் நெருக்கப்பட்டு, ஸ்பார்க் பிளக் தரும் மின்பொறியால் தக்க கணத்தில் பற்றி எரிந்து, பிஸ்டனைத் தள்ளுகின்றது. டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை; நெருக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. இரண்டிலும் எரிந்த புகை தடையின்றி வெளியேறவேண்டும். ஆகவே காற்று, எரிபொருள், நெருக்கம், பற்றவைப்பு, புகைப்போக்கு ஆகிய ஐந்தும் ஒத்து நடந்தால் வலிமை பிறக்கும். ஐந்தில் ஒன்று குன்றினும் வலிமை குன்றும். 'வண்டி இழுக்கவில்லை' என்னும் ஒரே முறையீட்டுக்குப் பின்னே இத்தனை வாயில்கள் உள்ளன.

முற்காலத்து வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தந்தது கார்புரேட்டர் என்னும் கருவி. கைதேர்ந்த மெக்கானிக், திருப்புளியின் நுனியை எஞ்சின்மீது ஊன்றி, அதன் பிடியைச் செவியில் வைத்து ஓசையைக் கேட்பார். சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறத்தை நோக்குவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதில் படிந்த கரியைக் கண்டு கலவையின் தன்மையை உரைப்பார். நாடி பார்க்கும் மருத்துவரின் கலைக்கு ஒப்பானது அது. இன்றைய வண்டிகளில் அக்கலையின் ஒரு பகுதியைச் சிறு கணிப்பொறி மேற்கொண்டுள்ளது. உட்செல்லும் காற்றின் அளவு, குளிர்விக்கும் நீரின் வெப்பம், மிதியின் நிலை, அச்சின் சுழற்சி, வெளியேறும் புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் என்னும் உணர்கருவிகள் இடைவிடாது அதற்கு அறிவிக்கின்றன. அச்செய்திகளைக் கொண்டு கணிப்பொறி எரிபொருளின் அளவையும் பற்றவைக்கும் கணத்தையும் வரையறுக்கின்றது. வரும் செய்தி எல்லை மீறினால், அதனைத் தன் நினைவில் பொறித்துவைத்து விளக்கை ஏற்றுகின்றது. எனினும் அது பதற்றக்காரன் அன்று. பெரும்பாலான பிழைகளை அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் கண்டு உறுதி செய்துகொண்ட பின்னரே விளக்கேற்றும்.

சில வேளைகளில் வலிமைக் குறைவைக் கணிப்பொறியே வேண்டுமென்று உண்டாக்குவதும் உண்டு. காலில் முள் தைத்தவன் அக்காலை அழுந்த ஊன்றாமல் நொண்டி நடப்பதைக் காண்கிறோம். அவ்வாறே, முழு வலிமையுடன் ஓடினால் எஞ்சின் கெட்டுவிடும் என்று கருதினால், கணிப்பொறி எரிபொருளையும் வேகத்தையும் குறைத்து, வண்டியை வீடுவரை கொண்டுசேர்க்கும் அளவிற்கு மட்டும் ஓடவிடும். இந்நிலையை மெக்கானிக்குகள் 'லிம்ப் மோட்' என்பர்; நொண்டி நடை என்று நாம் கூறலாம். இங்கே வலிமைக் குறைவு பெருந்தீங்கிலிருந்து எஞ்சினைக் காக்கும் உபாயமாகும். அதனை உணராது மிதியை மேலும் மேலும் அழுத்துதல் பேதைமை.

இவ்விளக்கு பிறந்த வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்து வருத்தியது. மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஆவிகள் சூரிய ஒளியில் மாறுபட்டே அம்மூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதை, ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். காலப்போக்கில், புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் பழுதுற்றால் வண்டியே அதனை அறிவித்தல் வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் விதித்தது. 1996-ஆம் ஆண்டுக் கார்கள் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகைக் குறியீடுகளும் ஒரே வகை இணைப்பும் கட்டாயமாயின. இந்தியாவில் இம்முறை பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுடன் 2010-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அவற்றினும் கடுமையான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நிலவுகின்றன. ஆதலால் லாங் பஜாரில் ஒரு வண்டியில் எரியும் விளக்கு, அவ்வண்டியின் ஓட்டுநருக்கு மட்டுமன்றி, அத்தெருவில் மூச்சுவிடும் அனைவர்க்கும் உரிய அறிவிப்பாகும்.

கணிப்பொறி பொறித்துவைத்த செய்தியைப் படிப்பதற்கு, பலகையின் அடியில், ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே, 16 முனைகள் கொண்ட இணைப்பொன்று உண்டு. அதில் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகினால், ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடு தோன்றும். 'பி' என்னும் எழுத்து எஞ்சினையும், அதன் வலிமையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் உறுப்புகளையும் குறிக்கும். அடுத்த இலக்கம் 0 ஆயின், அது எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொதுவான குறியீடு. அதனை அடுத்த இலக்கம் 3 ஆயின், பற்றவைப்பையும் எரிதல் தவறுதலையும் சார்ந்த பழுது என்க. சான்றாக, பி0302 என்பது இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்னும் பொருளுடையது. ஆனால் ஏன் தவறுகின்றது என்பதை அக்குறியீடு கூறவில்லை. இந்த இடத்திலேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். குறியீட்டைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டுவிட்டதாக எண்ணிப் புதிய உறுப்புகளை வாங்கத் தொடங்குகின்றனர். காய்ச்சல் 102 டிகிரி என்று வெப்பமானி காட்டும்; காய்ச்சல் எதனால் வந்தது என்பதை மருத்துவரே ஆராய்ந்து காணவேண்டும். இவ்வுண்மையை இரண்டு வண்டிகளின் நிலையால் விளக்கலாம்.

ஆம்பூரிலிருந்து நோயாளர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேலூர் மருத்துவமனைக்கு வரும் பெட்ரோல் வாடகை வண்டி ஒன்றைக் கருதுவோம். பள்ளிகொண்டாவைக் கடக்கும்போது வண்டி குலுங்குகின்றது, வேகம் தளர்கின்றது, மஞ்சள் விளக்குக் கண்சிமிட்டுகின்றது. நான்கு சிலிண்டர்களுள் ஒன்றில் தீப் பற்றவில்லை என்பதே இதன் பொருள். நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் தோள் கொடுக்கத் தவறினால், ஏனைய மூவர்மேலும் பாரம் ஏறும், பல்லக்கும் ஆடும். வண்டியின் குலுக்கமும் அத்தகையதே.

எரியாத பெட்ரோல் எங்கே செல்லும்? அது புகைக்குழாயில் உள்ள 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்னும் உறுப்பை அடையும். அவ்வுறுப்பின் உள்ளே தேன்கூடு போன்ற நுண்துளைகள் உண்டு. அவற்றின்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அருவிலை உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தனவாக மாற்றுவது அதன் தொழில். எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரியத் தொடங்கினால், வெப்பம் அளவு மீறும். தேன்கூடு உருகிப் புகை செல்லும் வழியையே அடைத்துவிடும். சிறிய காயில் ஒன்றை மாற்றித் தீர்த்திருக்கக்கூடிய பழுது, அதனினும் பன்மடங்கு விலையுடைய உறுப்பை விழுங்கிவிடும். கண்சிமிட்டும் விளக்கு நிறுத்துமாறு கூறுவது இதனாலேயாம். ஓட்டுநர் வண்டியைச் சாலையோரத்தில் ஒதுக்கி அணைத்துவிட்டு, நோயாளரை வேறு வண்டியிலோ 108 ஆம்புலன்ஸிலோ அனுப்பிவைப்பதே இவ்விடத்துத் தக்க செயல். நடுவழியில் முற்றிலும் நின்றுவிடக்கூடிய வண்டியை நம்பி ஓர் உயிரை வைத்தல் ஆகாது.

பட்டறையில் ஸ்கேனர் பி0302 என்னும் குறியீட்டைக் காட்டுகின்றது. ஆராயாத மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் நான்கு காயில்களையும் ஒருங்கே மாற்றச் சொல்லுவார். ஆராயும் மெக்கானிக் வேறு வழி மேற்கொள்வார். எஞ்சினை அணைத்துக் குளிரவிட்டு, மின்பொறிக்கு வேண்டிய உயர்மின் அழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாம் சிலிண்டரிலிருந்து எடுத்து மூன்றாம் சிலிண்டரில் பொருத்துவார். மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் பொருத்துவார். பின்பு எஞ்சினை இயக்கிச் சோதிப்பார். இப்போது குறியீடு பி0303 என மாறுமாயின், குற்றம் காயிலோடு இடம்பெயர்ந்தது. காயிலே குற்றவாளி என்பது ஐயமின்றித் துணியப்படும். குறியீடு மாறாதிருப்பின், காயில் குற்றமற்றது. அடுத்து ஸ்பார்க் பிளக்கையும், அதன்பின் எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டரையும், இறுதியில் சிலிண்டருள் காற்று நெருக்கப்படும் அளவையும் இவ்வாறே ஒவ்வொன்றாகச் சோதிப்பார். முதற் சோதனைக்குப் புதிய பொருள் எதுவும் வேண்டியதில்லை. வேண்டியது சிறிது பொறுமையே.

இனி இரண்டாம் வண்டியைக் காண்போம். அது லாங் பஜாரிலேயே நாள்தோறும் உழலும் டீசல் சரக்கு வண்டி. பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்பச் செய்யப்பட்டது. அதிலும் மஞ்சள் விளக்கு எரிகின்றது, அதுவும் இழுக்கவில்லை. ஆயின் குலுக்கம் இல்லை. விளக்குக் கண்சிமிட்டவும் இல்லை. இத்தகைய டீசல் வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயில் 'டி.பி.எஃப்.' எனப்படும் கரி வடிகட்டி ஒன்று உண்டு. டீசல் புகையில் உள்ள நுண்கரி நம் நுரையீரலுள் ஆழப் புகுந்து தீங்கு செய்யவல்லது. அதனை வெளியே விடாமல் தன் சுவர்களில் தடுத்து நிறுத்துவது இவ்வடிகட்டியின் பணி. தங்கிய கரி அவ்வப்போது எரிந்து ஒழிதல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வண்டி சீரான வேகத்தில் ஓடும்போது, கணிப்பொறி சிறிது எரிபொருளை மிகுதியாகப் பீச்சி அவ்வெப்பத்தை உண்டாக்கிக் கரியை எரித்துவிடும்.

கடைத்தெருவில் அவ்வாய்ப்பு ஏது? ஒரு கடையில் மூட்டை இறக்கி, நூறடி ஊர்ந்து, மறுகடையில் நிற்கும் வண்டியின் புகைக்குழாய் போதிய அளவு சூடேறுவதில்லை. சூடேறத் தொடங்கும் வேளையில் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிடுகின்றார். கரி நாள்தோறும் சேர்ந்து வழியை அடைக்கின்றது. புகைபோக்கி அடைபட்ட அடுப்பின் நிலை எஞ்சினுக்கு நேர்கின்றது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் அளந்து கூற, கணிப்பொறி பல வண்டிகளில் முதலில் வடிகட்டிக்குரிய விளக்கை ஏற்றும். அதனைப் பொருட்படுத்தாது விட்டால், செக் எஞ்சின் விளக்கையும் ஏற்றி, வலிமையைக் குறைத்து, வண்டியை நொண்டி நடக்கச் செய்யும். அரைகுறையாக நின்றுபோன எரிப்பு முயற்சிகளால் டீசல் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலப்பதும் உண்டு. எண்ணெய் அளக்கும் கம்பியில் எண்ணெய் மேற்கோட்டைத் தாண்டி நிற்குமாயின், அதுவும் ஒரு குறியே.

வடிகட்டி விளக்கு எரிந்த தொடக்க நிலையிலேயே கண்டால் மருந்து எளிது. வண்டியின் கையேட்டில் கூறியவாறு, நெடுஞ்சாலையில் 15 அல்லது 20 நிமிடம் சீராக ஓட்டினால், பெரும்பாலும் கரி எரிந்து விளக்கு அணையும். ஆம்பூருக்குச் சரக்குக் கொண்டுசெல்லும் ஒரு பயணமே அதற்குப் போதும். வலிமை குறைந்த பின்னர் வந்தால், பட்டறையில் ஸ்கேனரின் வாயிலாகக் கணிப்பொறிக்கு ஆணையிட்டுக் கரியை எரிப்பர். அவ்வேளை புகைக்குழாய் கடுஞ்சூடு கொள்ளுமாதலின், வைக்கோல், கோணி முதலியன அருகில் இருத்தல் ஆகாது. வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடலாம் என்று சிலர் கூறுவர். அது விதிக்கு மாறானது. கரியைத் தெருவில் உள்ளோர் நெஞ்சுக்குள் செலுத்தும் கொடுமையும் ஆகும்.

இரு வண்டிகளிலும் விளக்கு ஒன்றே, முறையீடும் ஒன்றே. ஆயினும் முதல் வண்டிக்கு நிறுத்தமே மருந்து. இரண்டாம் வண்டிக்கு, நோய் முற்றாத நிலையில், ஓட்டமே மருந்து. மருந்தை மாற்றி அளித்தால் இரண்டும் கெடும். குறியை மட்டும் கண்டு மருந்து கூறுதல் எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

குறியைச் சொன்ன கருவியையே குற்றவாளியாகக் கருதும் பிழையும் உண்டு. பி0171 என்னும் குறியீடு, கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துள்ளது என்று அறிவிப்பது. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதைக் கண்டு இச்செய்தியைத் தந்தது ஆக்சிஜன் சென்சார். உடனே சிலர் அச்சென்சாரைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவர். மறுநாள் விளக்கு மீண்டும் எரியும். வெயிலில் இறுகி வெடித்த ஒரு ரப்பர்க் குழாய் வழியே அளவுக்கு உட்படாத காற்றுப் புகுந்துகொண்டிருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். எரிபொருள் பம்பு தளர்ந்திருக்கலாம். 'கள்வன்' என்று கூவிய காவற்காரனைத் தண்டித்துவிட்டுக் கள்வனைப் போகவிடுவது போன்றது இச்செயல்.

விளக்கு எரியாமலே வண்டி வலிமை இழப்பதும் உண்டு என்பதை மறத்தல் கூடாது. காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் எஞ்சின் இரையும், வண்டி நகராது. பிரேக் விடாது பற்றிக்கொண்டிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் சூடேறும். டயர்களில் காற்றுக் குறைந்தாலும் இழுவை குறையும். இவற்றுள் சிலவற்றைக் கணிப்பொறி அறியாது. கண்ணும் செவியும் மூக்குமே அறியும். தானியக் கிடங்கின் அருகே இரவில் நிற்கும் வண்டியின் கம்பிகளை எலி கடித்திருக்குமாயின், மூடியைத் திறந்து பார்ப்பவரே அதனைக் காண்பார். எந்திரம் எவ்வளவு நுட்பமாயினும் மனிதன் புலன்களுக்கு வேலை ஒழிந்தபாடில்லை.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஓட்டுநரை வினவல் வேண்டும். பழுது எப்போது தோன்றியது? எஞ்சின் குளிர்ந்திருந்தபோதா, சூடேறிய பின்னரா? மேட்டில் ஏறும்போதா, எரிபொருள் நிரப்பிய பின்னரா, மழையில் நனைந்த பின்னரா? அடுத்து, கண்ணுக்குத் தெரியும் குழாய்களையும் கம்பிகளையும் வடிகட்டியையும் நோக்கல் வேண்டும். அதன்பின் குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ளல் வேண்டும். விளக்கு எரிந்த கணத்தில் வேகம், வெப்பம் முதலியன எவ்வாறு இருந்தன என்னும் குறிப்பையும் கணிப்பொறி வைத்திருக்கும்; அதனையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். இவற்றைக் கொண்டு, இன்ன காரணமாக இருக்கலாம் என்று கருதி, செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது நோயைத் தீர்த்தது என்பது தெரியாது போகும். பழுதை நீக்கிய பிறகே குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, அது மீண்டும் தோன்றாமையை உறுதி செய்தல் வேண்டும். நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, தவறாது மருத்துவம் செய்தல் வேண்டும் என்று திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்த முறை, மனித உடலுக்கே அன்றி மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதைக் காண்க.

குறியீட்டை முதலிலேயே அழித்து விளக்கை அணைத்துவிட்டுப் பழுது நீங்கியது என்பாரும் உளர். விளக்கின்மீது கருந்தாளை ஒட்டி மறைப்பாரும் உளர். அழித்தவுடன், காரணத்தைக் காட்டக்கூடிய குறிப்பும் உடன் அழியும். நோயோ உள்ளேயிருந்து வளரும். இத்தகைய கேட்டை வேலூர் வட்டாரம் வேறோரிடத்தில் பட்டறிந்துள்ளது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பல்லாண்டு பாலாற்றுப் படுகையில் கலந்தது. கிணற்று நீர் கெட்டதும் விளைநிலம் வளம் குன்றியதும் மண் ஏற்றிய எச்சரிக்கை விளக்குகள். அவை காலத்தில் மதிக்கப்படவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு முற்றுமுன் அதனைத் தடுக்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்தவேண்டும் என்னும் கொள்கையும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஆற்றுக்கு உரைத்த அந்நீதி காற்றுக்கும் உரியது. சிறு குறியைத் தொடக்கத்தில் மதிப்பவர் சிறு செலவோடு தப்புவர். மறைப்பவர் பெருஞ்செலவை ஏற்பதோடு பிறர்க்கும் துன்பம் விளைப்பர்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் வண்டி ஓட்டுவீர்கள்; சிலர் தொழிற்பயிற்சி பெற்றுப் பட்டறையில் பணிபுரிவீர்கள்; சிலர் மருத்துவராகவும் பொறியாளராகவும் விளங்குவீர்கள். எத்தொழிலை மேற்கொள்ளினும், குறி வேறு, காரணம் வேறு என்னும் தெளிவு உங்களுக்குத் துணைநிற்கும். குறியைக் கண்டு அஞ்சாமலும், அதனை மறைக்காமலும், அது சுட்டும் திசையில் ஒவ்வொரு படியாகச் சென்று காரணத்தைத் தொடுங்கள். அவ்வாறு ஆராயும் மெக்கானிக்கின் கையில், வாடகை வண்டிக்காரரின் ஒருநாட் கூலியும், அவ்வண்டியில் வரும் நோயாளரின் உயிரும், லாங் பஜாரில் நடப்போர் மூச்சும் காக்கப்படுகின்றன.